மேடேறினால் கொதிக்கும் பழைய இஸ்வாரா கார்: எஞ்சினைத் திறப்பதற்கு முன்

தம்பி, நீங்கள் எழுதியதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். அப்பா ஓட்டிய 1996-ஆம் ஆண்டு புரோட்டோன் இஸ்வாரா, 1.5 எஞ்சின், கார்புரேட்டர். மலேசியாவின் தாப்பா டவுனில் ஏர்கான் போட்டபடி சமிக்ஞை விளக்கில் நின்றால் வெப்பமானியின் முள் மெல்ல ஏறுகிறது. வண்டி நகர்ந்ததும் இறங்கிவிடுகிறது. கேமரன் மலைக்குக் குடும்பத்தோடு ஏறியபோது லத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கொதித்து நின்றுவிட்டது. முதல் பட்டறையில் தெர்மோஸ்டாட்டை, அதாவது நீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் கதவை, கழற்றி எறிந்துவிட்டார்கள். இரண்டாவது பட்டறையில் ரேடியேட்டரையே மாற்றினார்கள். இரண்டுக்கும் பிறகும் அதே கதை. இப்போது மூன்றாவது பட்டறைக்காரர் டாப் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, எஞ்சின் தலையைத் திறந்தாக வேண்டும், ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்கிறார். திறக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்குத் திறக்க வேண்டாம். கேஸ்கெட் போகவே இல்லை என்று நான் அடித்துச் சொல்லவில்லை. போயிருந்தால் அதை நிரூபிக்கச் சுலபமான வழிகள் நாலைந்து இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட யாரும் செய்து பார்த்ததாக உங்கள் எழுத்தில் இல்லை. மூன்று பட்டறைகளும் பொருளைக் கழற்றியிருக்கின்றன, மாற்றியிருக்கின்றன, விலை சொல்லியிருக்கின்றன. வண்டி எப்போது சூடாகிறது என்று ஒருவராவது கேட்டாரா? பழைய காரில் சூட்டுக் கோளாறு என்றால் அந்த ஒரு கேள்வியிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

நின்றால் சூடாகிறது, ஓடினால் தணிகிறது என்றால் காற்றோட்டத்தில் குறை. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரை ஊடுருவிப் போகிறது. நிற்கும்போது மின்விசிறி ஒன்றுதான் துணை. ஆக விசிறி, அதை முடுக்கும் சுவிட்ச், ரிலே, ரேடியேட்டரின் முகத்தில் அப்பிக்கிடக்கும் அழுக்கு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். டவுனுக்குள் ஒன்றுமில்லை, மேட்டிலோ நெடுஞ்சாலை வேகத்திலோதான் சூடாகிறது என்றால் நீரோட்டத்தில் குறை, அல்லது எஞ்சின் தேவைக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறது: அடைபட்ட ரேடியேட்டர் குழாய்கள், தேய்ந்த வாட்டர் பம்ப், உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ் (எஞ்சினையும் ரேடியேட்டரையும் இணைக்கும் ரப்பர் குழாய்களில் கீழே உள்ளது), பின்தங்கிய இக்னிஷன் டைமிங் (தாமதமாக வரும் தீப்பொறி). காலையில் கிளப்பிச் சில நிமிடத்திலேயே முள் மேலே போய்விட்டால் திறக்காத தெர்மோஸ்டாட், உள்ளே சிக்கிய காற்று, அல்லது உண்மையிலேயே கேஸ்கெட். உங்கள் வண்டி முதல் இரண்டு வகையிலும் சேருகிறது. அதனால் உங்களிடம் இருப்பது ஒரே கோளாறு என்று நினைத்துத் தேடாதீர்கள். இரண்டு சிறிய கோளாறுகள் சேர்ந்து ஒரு பெரிய கோளாறாக நடிப்பது இந்த வயது வண்டிகளில் சர்வசாதாரணம்.

எதையும் தொடுவதற்கு முன் தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. நம் நாட்டில் பனி கிடையாது, தெர்மோஸ்டாட் எதற்கு என்று சொல்லிக் கழற்றி எறிவது பல பட்டறைகளில் வழக்கமாகவே ஆகிவிட்டது. பனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எஞ்சின் தன் வேலை வெப்பநிலையை விரைவில் எட்டி அதிலேயே நிற்க வேண்டும் என்பதற்காக வைத்த கதவு அது. பெரும்பாலும் 82 அல்லது 88 பாகை செல்சியஸ் என்று அதன் மீதே முத்திரை இருக்கும். அது இல்லாவிட்டால் சமதரையில் எஞ்சின் குளிர்ந்தே ஓடும். பெட்ரோல் அதிகம் குடிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக வடிந்து எஞ்சின் எண்ணெயைக் கெடுக்கும். நீரின் சூட்டை வைத்துச் சோக்கை (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் தட்டை) திறக்கும் கார்புரேட்டராக இருந்தால் சோக் முழுதாகத் திறக்காமலே கிடக்கும். சில எஞ்சின்களில் இன்னொரு கேடும் உண்டு. தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டு, சூடானதும் பக்கவழியை அடைத்து எல்லா நீரையும் ரேடியேட்டருக்கு அனுப்பும். அதைக் கழற்றினால் பக்கவழி எப்போதும் திறந்தே இருக்கும். சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வரும். சூட்டைத் தணிக்கக் கழற்றியது சூட்டைக் கூட்டிவிடும்.

இதையெல்லாம்விட உங்களுக்கு முக்கியமானது வேறு. தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியில் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது. அது இருந்தால், கிளப்பிய சில நிமிடங்கள் வரை மேல் ஹோஸ் குளிர்ந்தே இருந்து, கதவு திறந்த கணத்தில் சட்டென்று சூடேறும். அந்த ஒரு மாற்றத்திலிருந்து நீர் ஓடுகிறதா, எப்போது ஓடத் தொடங்கியது என்று தெரிந்துகொள்ளலாம். அது இல்லாத வண்டியில் சமதரையில் முள் அடியிலேயே படுத்திருப்பதால் எல்லாம் நலம் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள். மேட்டில் எஞ்சின் முழுப் பாரம் சுமக்கும்போதுதான் உண்மை வெளியே வரும். புதியது வாங்கிப் போடுவதற்கு முன் ஒரு பாத்திரத் தண்ணீரில், அடியில் படாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் சூடாக்கிப் பாருங்கள். முத்திரை அளவை ஒட்டித் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிப்பதற்கு முன் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். புதுப் பொருளே திறக்காமல் வந்த கதைகள் உண்டு. பொருத்தும்போது அதன் விளிம்பில் ஆடும் சிறிய ஊசி மேல்பக்கமாக இருக்கட்டும். நீர் நிரப்பும்போது காற்று வெளியேறும் வழி அது.

அடுத்தது மூடி. ரேடியேட்டர் மூடியைப் பலரும் வெறும் மூடியாகவே பார்க்கிறார்கள். குக்கரின் விசில் செய்யும் வேலையை அது செய்கிறது: உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்து நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. உங்கள் மூடியின் தலையில் 0.9 என்று அழுத்த எண் போட்டிருக்கலாம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 பாகை வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்திருந்தால் 125-ஐத் தாண்டும். மூடியின் ரப்பர் வெடித்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ போனால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். நீர் 100 பாகையிலேயே கொதிக்கும். கேமரன் பாதையில் அதுவும் கிடையாது. கேமரன் மலைமேல் உள்ள தானா ராத்தா டவுன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். நல்ல நிலையில் உள்ள எஞ்சினின் நீரே மேட்டில் 95 பாகை வரை போகும். அதாவது எஞ்சினில் ஒரு குறையும் இல்லாமல், மூடி ஒன்று கெட்டதாலேயே மலைப்பாதையில் வண்டி கொதிக்க முடியும். ரேடியேட்டரைப் புதிதாக மாற்றிவிட்டுப் பழைய மூடியையே அதன் மேல் திருகி அனுப்பியிருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. மூடியின் விலை சில வெள்ளிகள்தான். சோதிக்கக்கூட வேண்டாம், அதே அழுத்த எண் உள்ள புதியதை வாங்கிப் போட்டுவிடுங்கள். சூடு தாங்கட்டும் என்று எண் கூடியதைப் போடாதீர்கள். பழைய ஹோஸ்கள் அதைத் தாங்காது.

மூடிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. எஞ்சின் சூடாகும்போது பெருகும் நீரைப் பக்கத்துப் பிளாஸ்டிக் புட்டிக்கு அனுப்பி, குளிரும்போது திரும்ப உறிஞ்சுகிறது. மூடியின் நடுவால்வு ஒட்டிக்கொண்டாலோ, புட்டிக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தாலோ, உறிஞ்சும்போது நீருக்குப் பதில் காற்று உள்ளே போகும். புட்டியில் நீர் கோடு வரை நிற்கும். ரேடியேட்டர் பாதி காலியாக இருக்கும். தினமும் புட்டியை மட்டும் பார்த்துத் திருப்தி அடைபவர்கள் ஏமாறும் இடம் இதுதான். காலையில், எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது, மூடியைத் திறந்து கழுத்து வரை நீர் நிற்கிறதா என்று நேராகப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் அந்த மூடியில் கை வைக்கக் கூடாது. அழுத்தம் விடுபட்ட கணத்தில் உள்ளே இருப்பது ஆவியாகி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்கிப் பார்த்து, அது தளர்ந்து குழையும்வரை காத்திருக்க வேண்டும்.

இனி விசிறி. உங்கள் டவுன் பிரச்சினை இதில் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஏர்கான் போடாமல் எஞ்சினை ஓடவிட்டு, முள் நடுவை எட்டியதும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலத் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். சுழலாவிட்டால், ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியில் திருகப்பட்டிருக்கும் வெப்ப சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துப் பாருங்கள், சாவி போட்ட நிலையில். விசிறி ஓடினால் சுவிட்ச் போயிற்று. ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போக வேண்டும். இந்தக் கம்பி வித்தை உங்களுடையது போன்ற பழைய வண்டிகளுக்கு மட்டுமே. கணினி விசிறியை இயக்கும் வண்டியில் சென்சாரின் இணைப்பில் கம்பி போட்டு விளையாடக் கூடாது.

சுழல்கிறது என்பதோடு திருப்தி அடைய வேண்டாம். ஒரு முழு நாளிதழ்த் தாளை வண்டியின் முன்புறம், ரேடியேட்டருக்கு எதிரே பிடியுங்கள். விசிறி ஓடும்போது தாள் உள்பக்கமாக இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். தளதளவென்று ஆடினால் மோட்டாரின் கரித்தூரிகைகள் தேய்ந்து வேகம் செத்துப்போயிருக்கிறது. உங்களை நோக்கிப் பறந்து வந்தால் விசிறி தலைகீழாகச் சுழல்கிறது! இதைப் படித்துச் சிரிக்காதீர்கள். பொத்தோங் கடையில் (பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிப்பாகம் விற்கும் கடை) வாங்கிய பழைய மோட்டாருக்கு இரண்டு கம்பிகளையும் மாற்றிப் பொருத்தினால் நடப்பது அதுதான். ரேடியேட்டர் மாற்றும்போது விசிறியையும் கழற்றித்தானே ஆக வேண்டும்? நின்றால் சூடு, மேடேறினாலும் சூடு என்ற உங்கள் குறிப்புக்கு அதுவும் பொருந்தும், ஏனென்றால் தலைகீழ் விசிறி எதிர்க்காற்றோடு மல்லுக்கு நிற்கும். விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு தன் இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது உடைந்து போயிருந்தால் விசிறி இழுக்கும் காற்றில் ஒரு பங்கு ரேடியேட்டர் வழியாக வராமல் ஓரத்திலிருந்து வரும்.

அடுத்ததைத் தோட்டத்துப் பக்கம் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அப்பாவின் வண்டி எத்தனை வருடம் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடியிருக்கும்? மழைக்காலத்துச் சேறு, வெயில் காலத்துத் தூசி, லாலாங் புல்லின் வெள்ளைப் பஞ்சு, பூச்சிகள் எல்லாம் எங்கே போய்ச் சேர்கின்றன? முன்னால் ஏர்கானின் கண்டென்சர் (ரேடியேட்டர் போலவே இருக்கும், ஏர்கானின் வாயுவைக் குளிரவைப்பது), பின்னால் ரேடியேட்டர், இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் சந்து. அங்கேதான். வெளியிலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும். கைவிளக்கை மேலிருந்து அந்தச் சந்துக்குள் அடித்துப் பாருங்கள். பழைய போர்வை விரித்தது போல் ஒரு செம்பழுப்புப் படலம் கிடக்கும். ரேடியேட்டர் மாற்றியபோது கண்டென்சரின் பின்முகத்தைக் கழுவியிருந்தால் நல்லது. கழுவியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை அடித்துக் கழுவ வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போகும். உயர் அழுத்தப் பீய்ச்சியை நெருக்கிப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்று வழியை அடைத்துவிடும். தோட்டக் குழாயின் சாதாரண வேகமும் கொஞ்சம் சவர்க்கார நீரும் போதும்.

அதே தோட்டப் பாதையில் வண்டியின் அடிப்பாகத்துப் பிளாஸ்டிக் தடுப்பும் கல்லில் அடிபட்டுத் தொங்கும். சத்தம் போடுகிறது என்று பிய்த்து எறிந்துவிடுவோம். வேகத்தில் காற்றை ரேடியேட்டருக்குள் திருப்புவதில் அதற்கும் பங்கு உண்டு. டவுனில் ஓட்டும்போது அதன் அருமை தெரியாது.

மேட்டுக் கோளாறுக்கு வருகிறேன். புது ரேடியேட்டர் என்றாலும் அது எந்த ரேடியேட்டர் என்று கேளுங்கள். ஒரே வண்டிக்கு ஒற்றை வரிசைக் குழாயும் விற்கிறார்கள், இரட்டை வரிசைக் குழாயும் விற்கிறார்கள். மலிவானது டவுனுக்குத் தாங்கும். மலைமேல் உள்ள ரிங்லெட் டவுன் வரை தொடர்ந்து ஏறும் பாதைக்கு, நான்கு பேரும் சாமானும் ஏர்கானும் சேர்ந்தால், தாங்காமல் போகலாம். ஏறி இறங்கி வந்து நிறுத்தியதும், எஞ்சினை அணைத்து, விசிறியின் இணைப்பையும் கழற்றிவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியை ரேடியேட்டரின் முகத்தில் இடம் இடமாகக் காட்டிப் பாருங்கள். நீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. புதியதில் அடைப்பா என்று கேட்காதீர்கள். துருப்பிடித்த எஞ்சினைக் கழுவாமல் புது ரேடியேட்டரைப் பொருத்தினால், எஞ்சினில் இருந்த துரு அத்தனையும் புதியதற்குள் குடியேறும்.

வாட்டர் பம்ப் ஒழுகினால்தான் கெட்டது என்று அர்த்தமில்லை. வெறும் தண்ணீரில் பல ஆண்டு ஓடிய பம்பின் உள்சக்கரத்து இதழ்கள் துருவில் கரைந்து மொட்டையாகிவிடும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. உள்ளே நீரைத் தள்ளாது. தெர்மோஸ்டாட் திறந்த பிறகு, குளிர்ந்த நிலையில் திறந்து வைத்த மூடி வழியாக எட்டிப் பார்த்தால் நீர் நகர்வது தெரிய வேண்டும். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் ஓட்டம் கூட வேண்டும். பம்பைச் சுற்றும் பெல்ட் தளர்ந்து வழுக்கினாலும் இதே கதிதான், ஆனால் அது கீச்சிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். கீழ் ஹோஸையும் மறக்க வேண்டாம். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. வயதான ஹோஸ், உள்ளே தாங்கும் சுருள்கம்பி துருப்பிடித்து உதிர்ந்திருந்தால், வேகத்தில் உறிஞ்சப்பட்டுத் தட்டையாகிவிடும். நிறுத்தியதும் பழைய உருவத்துக்கு வந்து ஒன்றும் தெரியாதது போல் இருக்கும். எஞ்சின் சூடான பிறகு ஒருவரை 3,000 சுற்று வரை முடுக்கச் சொல்லி நீங்கள் ஹோஸையே பார்த்துக்கொண்டிருந்தால் பிடித்துவிடலாம்.

இதுவரை சொன்னது நீரும் காற்றும். கார்புரேட்டர் வண்டிக்கே உரிய ஒன்று பாக்கி இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்டிரிபியூட்டரின் பக்கத்தில் தட்டையான ஒரு டப்பா ஒட்டியிருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கார்புரேட்டர் பக்கம் போகும். வெற்றிடத்தால் தீப்பொறியின் நேரத்தை முன்தள்ளும் கருவி அது. குழாயைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பாருங்கள். உறிஞ்சல் நிற்க வேண்டும். காற்று சுலபமாக வந்துகொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர்த் தோல் கிழிந்துவிட்டது. அடிப்படை டைமிங்கே பின்தங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: பெட்ரோல் காலம் கடந்து எரிந்து, பிஸ்டனைத் தள்ள வேண்டிய சக்தி வெளியேற்றும் வால்வையும் அதைச் சுற்றியுள்ள நீரையும் சூடாக்கும். வண்டி மேட்டில் இழுக்காமல் திணறி, கூடவே சூடும் ஏறினால் இதைச் சந்தேகியுங்கள். பிடித்துக்கொண்டு விடாத பிரேக்கும் அப்படித்தான். ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் உள்ளங்கையைத் தள்ளிப் பிடித்தால் எது காய்கிறது என்று தெரிந்துவிடும்.

முள்ளையே நம்பலாமா என்றும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் முகப்பு விளக்கைப் போட்ட அதே நொடியில் முள் குதித்தால் அது நீரின் சூடு இல்லை. அத்தனை நீரும் ஓர் எஞ்சினும் ஒரு நொடியில் சூடாகாது. எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள எர்த் கம்பியில் துரு என்று பொருள். எதிர்ப்பக்கமும் உண்டு: நீர் முழுவதும் வெளியேறிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நின்று முள்ளைக் கீழே காட்டலாம். எஞ்சின் சூட்டில் தட்டும் சத்தம் கேட்கிறது, முள் மட்டும் சாதுவாக இருக்கிறது என்றால் உடனே நிறுத்துங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் கேஸ்கெட். மூன்றாவது பட்டறைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எண்ணெய் மூடியின் அடியில் வெண்மையாக ஏதோ இருந்தது என்று அவர் சொன்னால் அது போதாது. வீட்டிலிருந்து டவுனுக்கும் டவுனிலிருந்து வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில், அதுவும் தெர்மோஸ்டாட் இல்லாமல் குளிர்ந்தே ஓடும் எஞ்சினில், ஈரம் படிந்து மூடியில் வெண்களிம்பு சேரும். அளவுகோல் கம்பியில் வரும் எண்ணெயே பாலாடை போல் மாறியிருந்தால் விஷயம் வேறு. நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று: இரவு முழுவதும் நின்ற வண்டியை மூடி போட்டுக் கிளப்பி, ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸை அமுக்குங்கள். நீர் இன்னும் வெதுவெதுப்புக்கூட ஆகாத நிலையில் ஹோஸ் கல்லாக இறுகியிருந்தால், சிலிண்டரின் அழுத்தம் நீருக்குள் கசிகிறது. மூடியைத் திறந்து வைத்துக் கிளப்பினால் கழுத்தில் குமிழிகள் விடாமல் வந்துகொண்டே இருக்கும். முதலில் வந்து பிறகு அடங்கிவிடும் குமிழிகள் சிக்கிய காற்றாக இருக்கலாம். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். மூன்று பழுப்பாகவும் ஒன்று மட்டும் கழுவித் துடைத்தது போல் பளிச்சென்றும் இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் நீர் போகிறது. உறுதியாக அறிய, ரேடியேட்டர் கழுத்தில் வைத்துச் சோதிக்கும் நீல நிறத் திரவம் ஒன்று இருக்கிறது. எரிந்த வாயு கலந்திருந்தால் மஞ்சளாக மாறும். ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி கேட்பவரிடம் அந்தச் சோதனைக் கருவி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையாவது (உள் அழுத்தத்தையாவது) அளந்து நான்கு எண்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நீர் குறைகிறது, ஆனால் ஒழுகும் இடம் தெரியவில்லை என்பதற்கும் கேஸ்கெட் ஒன்றே காரணம் இல்லை. எஞ்சின் கட்டையில் அடித்து வைத்த வட்ட இரும்பு மூடிகள் துருப்பிடித்து ஊசித்துளை விடும். அவற்றில் சில கண்ணில் படாத இடத்தில் இருக்கும். நீர் கொண்டுபோகும் இரும்புக் குழாய்களும் அப்படியே. சூட்டில் ஒழுகி, விழுந்த இடத்திலேயே ஆவியாகிவிடும்; காய்ந்த வெள்ளைக் கோடோ துருக்கோடோ மட்டும் மிஞ்சும். ரேடியேட்டர் கழுத்தில் கைப்பம்பைப் பொருத்தி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அழுத்தம் ஏற்றிப் பார்ப்பதுதான் சரியான வழி. ரேடியேட்டர் கடைகளில் அந்தப் பம்ப் இருக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்தச் சனிக்கிழமை தெர்மோஸ்டாட், மூடி இரண்டையும் போட்டு, தாள் வைத்து விசிறியைச் சோதித்து, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கழுவி, எஞ்சினின் நீரை முழுவதும் வடித்துத் தெளிவாக வரும்வரை அலசிவிட்டுப் புதிதாக நிரப்புவேன். கிணற்று நீர் வேண்டாம். கோப்பெங், ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மலைகளை ஒட்டிய கிணறுகளில் இன்னும் வேண்டாம், அந்த நீரின் சுண்ணாம்பு எஞ்சினுக்குள் ஏடாகப் படியும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரோடு கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். சூட்டைக் கடத்துவதில் வெறும் தண்ணீர் கூலண்டைவிடக் கொஞ்சம் மேல் என்பது உண்மை. ஆனால் அது துருவைத் தடுக்காது, பம்பின் சீலைக் காக்காது. நிரப்பும்போது வண்டியின் மூக்கு மேல்நோக்கி இருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்துங்கள். மூடியைத் திறந்து வைத்தே ஓடவிட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கி விட்டு, விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும்வரை குறையக் குறைய ஊற்றுங்கள். மறுநாள் காலை குளிர்ந்த பிறகு ஒரு முறை திறந்து பார்த்து மிச்சத்தை நிரப்புங்கள்.

அதன் பிறகு தாப்பாவிலிருந்து லத்தா இஸ்கண்டார் வரை ஒரு முறை தனியாக ஏறிப் பாருங்கள், ஏர்கான் இல்லாமல். மூன்றாவது கியரில் திணறவிடாமல் இரண்டாவதுக்கு இறக்கி ஏறுங்கள். எஞ்சின் கொஞ்சம் சுற்று கூடி ஓடினால் பம்பும் கூடச் சுற்றும், பாரமும் குறையும். முள் முக்காலைத் தாண்டினால் ஓரமாக நிறுத்துங்கள். ஆவியும் ஒழுகலும் இல்லையென்றால் எஞ்சினை அணைக்காமல் விசிறி ஓட நிற்க விடுங்கள். ஆவி வந்தால் அணைத்துவிடுங்கள். அருவி பக்கத்தில்தானே என்று குளிர்ந்த நீரை மொண்டு சூடான எஞ்சின் மேலோ உள்ளேயோ ஊற்றிவிடாதீர்கள். உங்கள் எஞ்சினின் தலை அலுமினியம். திடீர்க் குளிர்ச்சியில் வளையும், வெடிக்கும். போகாத கேஸ்கெட்டும் அன்றைக்குப் போய்விடும்.

சோதனைகள் கேஸ்கெட்டைத்தான் காட்டுகின்றன என்றால் தயங்காமல் திறக்கச் சொல்லுங்கள், ஆனால் சில நிபந்தனைகளோடு. கழற்றிய தலையின் மீது நேர்விளிம்புச் சட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைவாட்டிலும் வைத்து, அடியில் 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைகிறதா என்று உங்கள் கண்முன் காட்ட வேண்டும். நுழைந்தால் தலையை இயந்திரத்தில் கொடுத்துச் சீவ வேண்டும். வளைந்த தலையில் புதுக் கேஸ்கெட் போடுவது காசைக் கரியாக்குவது. போல்டுகளைக் கை அளவில் இறுக்காமல், முறுக்கு அளக்கும் ஸ்பானரால், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக இறுக்க வேண்டும். டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் எப்படியும் கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிடுவதால் அவற்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பிறகு தனியாகச் செய்தால் கூலி மீண்டும் முழுதாக ஆகும். கழற்றிய பழைய கேஸ்கெட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கு நடுவிலோ நீர்த்துளைக்கும் சிலிண்டருக்கும் நடுவிலோ கருகிய தடம் ஒன்று தெரிய வேண்டும்.